புல்லட் டேங்க்கும் ஏழு தொட்டிகளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். பெயிண்ட் அடிக்கும் இடம் ஒரு மூலையில் சின்னதாக இருக்கும். மீதி இடத்தைத் தொட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும். தொழிலில் இதை 'செவன் டேங்க்' என்பார்கள். எண்ணெய் நீக்க ஒன்று, துரு நீக்க ஒன்று, பாஸ்பேட் பூச்சுக்கு ஒன்று, கடைசியில் அதை இறுக்க ஒன்று. இவற்றுக்கு இடையிடையே கழுவும் தண்ணீர்த் தொட்டிகள் மூன்று. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் இத்தனையும் 'சர்பேஸ் ட்ரீட்மென்ட்' என்ற இரண்டு சொல்லில் அடங்கிவிடும்.

நம் பக்கத்தில் இந்தக் கதையைத் திருவொற்றியூரில் தொடங்குவதுதான் நியாயம். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் புல்லட் வெளியே வந்தது. போகப்போக எல்லாமே இங்கே தயாரானது. திருவொற்றியூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லா, 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அதற்குள் வந்தது, இப்போது சென்னை. மாவட்டம் எதுவானாலும் கடல் அதே கடல்தான். உப்புக்காற்றில் மொட்டை இரும்பை ஓர் இரவு விட்டால் காலையில் செம்மண் நிறம் காட்டும். அந்த ஊரில் இரும்புக்கு வண்ணம் அடிக்கிறவன் அடித்தளத்தில் ஏமாற்ற முடியாது.

அந்த அடித்தளத்தைக் கண்டுபிடித்தவரும் ரெட்டிச்சுக்குப் பக்கத்து ஊர்க்காரர்தான். பர்மிங்காம் நகரத்து தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், 1906-இல் பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்பைக் காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரும்பின் மேல் சாம்பல் நிறத்தில் நுண்ணிய படிகங்கள் படியும். பெயிண்ட் அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொள்ளும். அவர் முறைக்கு மணிக்கணக்கில் ஆகும். பின்னால் வந்த துத்தநாக பாஸ்பேட் முறையில் சில நிமிடங்கள் போதும்.

அதற்கு முன் ஈயச் செந்தூரம்தான். பிரெஞ்சில் அதற்கு 'மினியோம்' என்று பெயர். பழைய ஏடுகளில் சிவப்பு எழுத்துக்கும் அதையே பூசினார்கள். 'மினியேச்சர்' என்ற சொல்லுக்கு மூலம் அதன் லத்தீன் பெயர்தான், சின்ன அளவு அல்ல. பிரைமருக்கு அந்த மொழியில் 'அப்ரே'. ஆயத்தம் என்று பொருள். பள்ளியில் படித்த பிரெஞ்சில் பாதி மறந்துவிட்டது. இந்தச் சொல் மட்டும் பட்டறையைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

1923-இல் அமெரிக்காவில் ட்யூபாண்ட் கம்பெனியின் டூக்கோ லாக்கர் வந்தது. வாரக்கணக்கில் காய்ந்த வார்னிஷ் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. கம்பெனிப் பெயரை நாம் மறந்தாலும், ஸ்பிரே பெயிண்டுக்கு 'டூக்கோ' என்ற பெயர் நம் ஊர்ப் பட்டறைகளில் ஒட்டிக்கொண்டது.

இப்போது இளைஞர்கள் பழைய புல்லட்டை வாங்கி, விரும்பிய நிறத்தில் மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுக்க மூன்று நாள் யோசிப்பவர்கள், பழைய பெயிண்டை எப்படி எடுப்பீர்கள் என்று பெயிண்டரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பழைய டேங்க்குகள் பலவற்றில் குரோம் முலாம் உண்டு. அந்த வழவழப்பின் மேல் நேராக அடித்த பெயிண்ட், வெங்காயச் சருகு போல உரிந்து வரும். முலாமை எடுக்க வேண்டும், இல்லையென்றால் நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். இரும்புக்குப் போடும் காஸ்டிக் சோடாத் தொட்டியில் இன்ஜினின் அலுமினிய மூடியைப் போட்டால் அது நுரைத்துக் கரையும். மணல் பீய்ச்சினால் மட்கார்டின் மெல்லிய தகடு நெளியும். அதன் தூசி அடிப்பவர் நுரையீரலைக் கெடுக்கும். இங்கிலாந்தில் வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சுவதை 1949-ஆம் ஆண்டு விதிகளே தடை செய்தன. நம் ஊரில் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பாஸ்பேட் ஆன டேங்க்கை வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் வியர்வையின் உப்பு போதும். சில மாதம் கழித்து, தொட்ட இடத்தில் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். அதன் பிறகுதான் பிரைமர், பள்ளத்துக்குப் பட்டி, வாட்டர் பேப்பரால் ஈரத்தேய்ப்பு.

எல்லாவற்றிலும் கவலை தருவது கடைசித் தொட்டி. பாஸ்பேட்டை இறுக்க நெடுங்காலம் குரோமிக் அமிலம்தான் போட்டார்கள். அந்தக் குரோமியம் புற்றுநோய் தருவது. நிலத்தடி நீரில் இறங்கினால் தலைமுறைக்கும் போகாது. ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுமலையே சாட்சி. குரோமியம் இல்லாத கரைசல்கள் வந்துவிட்டன. பெரிய கம்பெனிகள் மாறிக்கொண்டன. சின்னப் பட்டறைக்காரர் ஒரு டேங்க்குக்கு எத்தனை ரூபாய் கூடும் என்று கணக்குப் பார்க்கிறார். வண்டிக்காரரும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார்.

திருவொற்றியூர் தொழிற்சாலையில் டேங்க்கின் தங்கக் கோடுகளை இரண்டு சகோதரர்கள் தூரிகையால் வெறுங்கையில் இழுப்பதைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின. அளவுகோல் கிடையாது, ஒரே இழுப்பு. பார்க்கக் கண் கோடி வேண்டும். அந்தக் கோடு உட்காரும் பரப்பைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்த கைகளைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை.