பெரீயாவின் பெஞ்சும் வுட்சனின் ஏடும்

பள்ளிக்கூடம் இரண்டு வழிகளில் பாடம் சொல்லுகிறது. ஆசிரியர் நின்று சொல்லும் பாடம் ஒன்று. எந்தப் பிள்ளையை எந்தப் பிள்ளையின் அருகில் அமர்த்துகிறது என்பதனால், வாய் திறவாமலே சொல்லும் பாடம் மற்றொன்று. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்துப் பெரீயா என்னும் சிற்றூரில் ஒரு கிறித்தவப் பள்ளி இந்த இரண்டாவது பாடத்தை அடிமைமுறை நிலவிய நாளிலேயே எண்ணத் துணிந்தது. அம்முறை ஒழிந்த மறு ஆண்டே அதனை நடைமுறையாக்கிற்று. அதன்பொருட்டு விரட்டப்பட்டதும் உண்டு. சட்டத்தால் தடுக்கப்பட்டதும் உண்டு. அப்பள்ளியில் பயின்ற ஒருவரே பின்னாளில் கறுப்பின மக்களின் வரலாற்றை அமெரிக்க வகுப்பறைகளுக்குள் கொண்டுசென்றவர். இவ்விரு செய்திகளையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜான் கிரெக் ஃபீ 1816-ஆம் ஆண்டு, கென்டக்கியில் அடிமைகளை உடைமையாகக் கொண்ட குடும்பமொன்றில் பிறந்தார். சின்சினாட்டி நகரத்து லேன் இறையியல் கல்லூரியில் பயின்ற காலத்தில், மனிதனை மனிதன் விலைக்கு வாங்குவது கடவுளுக்கு எதிரான பாவம் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். ஊர் திரும்பி அதனையே போதித்தார். தந்தை அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்றார். அடிமைமுறையை எதிர்த்த நிலக்கிழார் காசியஸ் மார்செல்லஸ் கிளே, மாடிசன் வட்டாரத்தில் அவருக்கு நிலம் அளித்தார். குத்துச்சண்டை வீரர் முகமது அலி தம் தந்தையிடமிருந்து பெற்ற முதற்பெயர் இந்தக் கிளேயின் பெயரை ஒட்டி வந்ததே என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். 1855-இல் அந்நிலப்பகுதியில் ஓரறைப் பள்ளி எழுந்தது. வார நாட்களில் அது பள்ளி. ஞாயிறன்று அதுவே தேவாலயம்.

பெயரும் குறிக்கோளும் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்திலிருந்தே வந்தன. பவுலின் சொல்லைத் திறந்த மனத்துடன் கேட்டு, அது மெய்தானா என்று தாமே மறைநூலை ஆராய்ந்து பார்த்தவர்கள் பெரோயா பட்டணத்தார். அவ்வூர்ப் பெயரே இவ்வூர்க்கும் ஆயிற்று. மக்கள் யாவரையும் இறைவன் ஒரே குருதியினின்று படைத்தான் என்று அவ்வதிகாரம் கூறும் கருத்தைப் பள்ளி தன் குறிக்கோளாகக் கொண்டது. அடிமைமுறையை நியாயப்படுத்தவும் அதே விவிலியத்தை அக்காலத்தில் பலர் கையாண்டனர். ஒரே நூலைப் பற்றிக்கொண்டு இரு தரப்பாரும் வழக்காடிய காலம் அது. ஆகவே, ஃபீ அந்த வசனத்தைத் தேர்ந்தது வெறும் அலங்காரமன்று. அது ஒரு வழக்குரை.

1859 அக்டோபரில் ஜான் பிரௌன் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைத் தாக்கினார். அடிமைகளின் கிளர்ச்சி மூளுமோ என்னும் அச்சம் தென்னாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டு டிசம்பரில் ஆயுதம் தாங்கிய கூட்டத்தார் பெரீயாவுக்கு வந்து, ஃபீயின் சார்பினரான ஆசிரியர்களையும் குடும்பங்களையும் மாநிலத்தை விட்டே வெளியேறுமாறு கெடு விதித்தனர். அவர்கள் வெளியேறினர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஃபீ, விடுதலை நாடிப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் திரண்டிருந்த நெல்சன் முகாமில் பணி செய்தார். அங்கு அவர்களுக்கு எழுத்தறிவித்தார். போர் முடிந்ததும் பெரீயாவுக்குத் திரும்பினார்.

1866-இல் கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் காலெடுத்து வைத்தனர். அது கண்டு வெள்ளையின மாணவர் சிலர் எழுந்து வெளியேறினர். பள்ளி தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அக்கல்வியாண்டின் கணக்கு இன்றும் நினைவுகூரப்படுகிறது: மொத்தம் 187 மாணவர், கறுப்பினத்தார் 96, வெள்ளையர் 91. நேற்றுவரை ஒருவர் உடைமையாளர் மகன், மற்றவர் உடைமையாகவே இருந்தவர் என்னும் நிலையிலிருந்தவர்கள் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே எழுத்தைக் கற்றனர். 1870-களின் தொடக்கத்தில் ஜூலியா பிரிட்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி அங்கு இசை பயிற்றுவித்தார். வெள்ளையின மாணவர் கறுப்பின ஆசிரியையின் முன் பணிந்து அமர்வதென்பது அந்நாளில் எளிய செய்தியன்று.

எனினும், வெளியிலிருந்து சட்டம் வருமுன்பே உள்ளிருந்து ஒரு தளர்ச்சி தோன்றியதையும் மறைத்தலாகாது. 1892-இல் தலைவரான வில்லியம் குடெல் ஃபிராஸ்ட், அப்பலாச்சிய மலைவாழ் வெள்ளையின ஏழையரின் கல்வியில் கருத்தூன்றினார். அவர்களும் உதவிக்கு உரியவரே. ஆனால் கல்லூரியின் கண்ணோட்டம் மலைநோக்கித் திரும்பியபோது கறுப்பின மாணவரின் விழுக்காடு சுருங்கிற்று. தொடக்கத்தில் ஏறத்தாழச் சரிபாதியாக இருந்த அளவு நிலைக்கவில்லை. தன் பிறப்பின் நோக்கத்தை ஒரு நிறுவனம் பகைவரின்றியும் மறக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

1904-இல் கார்ல் டே என்னும் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த சட்டம், இரு இனத்தாரும் ஒருங்கே பயிலும் கல்விக்கூடம் நடத்துவதைக் குற்றமாக்கிற்று. நடத்துவோருக்கு 1,000 டாலர் தண்டம். அங்குப் பயிலும் மாணவருக்கும் நாளொன்றுக்கு 50 டாலர் தண்டம். ஒரே நிறுவனம் இரு கிளைகள் வைத்து நடத்தினும், அவற்றிடையே 25 மைல் தொலைவாவது இருத்தல் வேண்டுமாம்! சட்டத்தில் பெயர் குறிக்கப்படாவிடினும் அதன் இலக்கு பெரீயாவே. கென்டக்கியில் அவ்வாறு இரு இனத்தாரும் சேர்ந்து பயின்ற கல்லூரி அது ஒன்றே.

கல்லூரி வழக்காடிற்று. கென்டக்கி மேல்முறையீட்டு நீதிமன்றம் 25 மைல் விதியை மட்டும் நீக்கி, எஞ்சிய சட்டத்தை ஏற்றது. 1908 நவம்பரில் அமெரிக்க உச்சநீதிமன்றமும் கல்லூரிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கல்லூரி மாநிலம் படைத்த நிறுவனம். படைத்த மாநிலம் அதன் உரிமைப் பத்திரத்தைத் திருத்தலாம் என்பதே நீதிபதி புரூவர் எழுதிய தீர்ப்பின் சாரம். புரூவர் ஒரு கிறித்தவ மதப்பணியாளரின் மகன் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அத்தீர்ப்பை மறுத்து எழுதிய நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லனோ, அடிமைகளை வைத்திருந்த கென்டக்கிக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்றாய்ப் படிப்பதைத் தடுக்கலாமெனில், ஞாயிறு பள்ளியில் ஒன்றாய்க் கூடுவதையும் தடுக்கலாமே என்பது அவர் எழுப்பிய வினா. பிறப்பும் வளர்ப்பும் ஒருவர் நிற்கும் இடத்தை முழுதும் வகுத்துவிடுவதில்லை.

பெரீயா வெள்ளையர் கல்லூரியாயிற்று. தன் கறுப்பின மாணவரை ஃபிஸ்க் போன்ற கல்லூரிகளில் சேர்த்துப் பொருளுதவி செய்தது. நிதி திரட்டி, கறுப்பினப் பிள்ளைகளுக்கென லிங்கன் இன்ஸ்டிடியூட் என்னும் தனிப்பள்ளியை 1912-இல் சிம்ப்சன்வில் அருகே தோற்றுவித்தது. உதவி நின்றுவிடவில்லை. ஆயினும், அருகமர்தல் என்னும் அந்த முதற்பாடம் நின்றுவிட்டது.

சட்டம் வருவதற்கு ஓராண்டு முன்னர், 1903-இல், பெரீயாவில் பட்டம் பெற்று வெளியேறியவர் கார்ட்டர் வுட்சன். 1875-இல் வர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாய் இருந்தவர்கள். இளமையில் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தார். அங்கு உள்நாட்டுப் போரில் பங்கேற்ற ஆலிவர் ஜோன்ஸ் என்பவரின் வீட்டில் சுரங்கத் தொழிலாளர் மாலைதோறும் கூடுவர். எழுத்தறியாத அவர்களுக்கு வுட்சன் செய்தித்தாள் படித்துக் காட்டுவார். படித்து முடித்தபின் அவர்கள் தம் போர்க்கால நினைவுகளைப் பேசுவர். தம் மக்களுக்கு வரலாறு உண்டு என்பதை அவர் அறிந்தது முதலில் அங்குதான். இருபதாம் வயதிலேயே அவர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பெரீயாவுக்குப் பின் பிலிப்பைன்ஸில் ஆசிரியப்பணி, சிகாகோவில் மேற்படிப்பு. 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். டு பாய்ஸுக்கு அடுத்து அங்கு அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் இவரே.

அக்காலப் பாடநூல்களில் கறுப்பின மக்கள் இல்லை. இருப்பின், எசமானரின் கருணையில் வாழ்ந்த அடிமைகளாக மட்டும் இருந்தனர். வுட்சன் 1915-இல் நீக்ரோ வாழ்வு வரலாற்று ஆய்வுக் கழகத்தைத் தோற்றுவித்தார். (அந்நாளில் கறுப்பின அறிஞரே தம்மைக் குறிக்க ஆண்ட சொல் 'நீக்ரோ', இன்று அது வழக்கொழிந்தது.) 1916-இல் அதன் ஆய்விதழ் வெளிவந்தது. 1926 பிப்ரவரியில் முதல் நீக்ரோ வரலாற்று வாரம் கொண்டாடப்பட்டது. லிங்கனின் பிறந்த நாளும், அடிமைத்தளையிலிருந்து மீண்ட சொல்வேந்தர் ஃபிரடெரிக் டக்ளஸின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்ட நாளும் அமையும் வாரத்தை அவர் தேர்ந்தார். பள்ளி ஆசிரியருக்கெனவே 1937-இல் தனி இதழொன்றையும் தொடங்கினார். அவ்வாரமே 1976-இல் கறுப்பர் வரலாற்று மாதமாக விரிந்தது.

கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தார் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1925-இல் இளங்கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், வாஷிங்டனில் வுட்சனிடம் சிறிது காலம் ஊழியராயிருந்தார். 1830-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அடிமையல்லாத கறுப்பினக் குடும்பத் தலைவர்களாய்க் காணப்பட்டோரின் பெயர்களை வுட்சன் நூலாகத் தொகுத்தார். ஏறத்தாழ 30,000 பெயர்ச் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தும் பணி ஹியூஸின் தலையில் விழுந்தது. கண் நோக, அலுப்புத் தாளாமல் அவர் வேலையை விட்டார். ஆயினும் அந்தப் பெயர்கள் ஏடேறின. ஆள்தொகையாக மட்டும் எண்ணப்பட்டு வந்த ஓரினத்தாருக்கு, இன்னார் இன்ன ஊரில் வாழ்ந்தார் என்று பெயர் சொல்லி அழைப்பதே வரலாற்றின் முதற்கடமை என வுட்சன் கருதினார். கவிதையின் கடமையும் அதற்கு வெகுதொலைவில் இல்லை.

கென்டக்கிச் சட்டம் 1950 மார்ச்சில் திருத்தப்பட்டது. கல்லூரிகள் விரும்பினால் இரு இனத்தாரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாயிற்று. பெரீயா தன் கதவைத் திறந்தது. 46 ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் வுட்சன் மறைந்தார். 1954-இல் உச்சநீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்றது. 1965-இல் செல்மாவிலிருந்து மான்ட்கமெரிக்குச் சென்ற உரிமைப் பயணத்தில் பெரீயா மாணவரும் கலந்துகொண்டனர். 2011-இல் அக்கல்லூரி, இனங்களுக்கிடையிலான கல்விக்கென ஒரு மையத்தைத் தன் பழைய மாணவர் வுட்சனின் பெயரால் நிறுவிற்று.

அந்த 46 ஆண்டுகளில் பெஞ்சைச் சட்டம் பறித்துக்கொண்டது. ஏட்டை அதனால் பறிக்க இயலவில்லை. ஆனால், வுட்சனின் வரலாற்று வாரத்தை நெடுங்காலம் கொண்டாடியவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. அதனைக் கேட்டிருக்க வேண்டிய மற்றப் பிள்ளைகள் வேறு கட்டடங்களில் அமர்ந்திருந்தனர். ஏடின்றிப் பெஞ்சு மட்டும் இருந்தபோது, பெரீயாவே தன் நோக்கத்தை மெல்ல மறந்ததைக் கண்டோம். பெஞ்சின்றி ஏடு மட்டும் இருந்தபோது, பாடம் உரியவரின் செவிக்கு எட்டவில்லை. கறுப்பின வரலாற்றைக் கற்பிக்க முற்படும் பள்ளி எதுவாயினும், ஆண்டில் ஒரு மாதத்தை ஒதுக்குவதோடு அதன் கடன் தீர்ந்துவிடாது. அப்பாடம் நடக்கும் வேளையில் வகுப்பில் யார் யார் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அது எண்ணிப் பார்க்கவேண்டும்.