முனைவர் பட்டத்தின் படிகள்

மாசாய் போன்ற ஊர்களில் தோட்டத்து வாழ்வைக் கடந்து வந்த தமிழ்ப் பெற்றோரிடம் ஒரு வினா எழுவதுண்டு. "பட்டம் பெற்றான், முதுகலையும் முடித்தான், இன்னும் எத்தனை ஆண்டுகள்தாம் படிப்பான்?" என்பதே அது. அண்மையிலுள்ள ஸ்கூடாய்ப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்திற்கு உழைக்கும் மாணவன் இதற்கு விடையளிக்க இயலாது தடுமாறுவான். அவன் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. முனைவர் பட்டம் என்பது படித்ததை ஒப்புவிக்கும் தேர்வன்று. அதுவரை எவரும் அறியாத ஒன்றைக் கண்டறிந்து மெய்ப்பிக்கும் பணியாகும்.

இம்முறை செருமானிய மண்ணில் வேர்விட்டது. 1810ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பெர்லின் பல்கலைக்கழகம் கற்பித்தலையும் ஆய்வையும் ஒன்றாக இணைத்தது. 1824இல் கீசன் நகரில் பேராசிரியரான லீபிக், மாணவர் தம் கைகளாலேயே சோதனை செய்து பயிலும் வேதியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 1861இலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் 1919இலும் இப்பட்டத்தை ஏற்றன. ஆனால் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமோ, இலண்டனைப் பின்பற்றித் தேர்வு நடத்தும் அமைப்பாகவே தொடங்கிற்று. அத்தகைய இடத்தில் ஆய்வு மரபு எவ்வாறு தழைத்தது என்பதை ஒருவரது வாழ்க்கை விளக்குகிறது.

அவர் கோ. நா. இராமச்சந்திரன். 1922இல் எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று, 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சென்றார். அவரது ஆற்றலைக் கண்ட சர் சி. வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கே அவரை ஈர்த்துக்கொண்டார். அக்காலத்தில் அக்கழகத்திற்குப் பட்டம் வழங்கும் உரிமை இல்லை. எனவே ஆய்வைப் பெங்களூரில் செய்து, ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்து, 1947இல் அறிவியல் டாக்டர் பட்டம் பெற்றார். அதோடு அமையாமல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று 1949இல் மீண்டும் ஒரு முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

1952இல், ஏறத்தாழ முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு அவர் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் நிறைந்திருக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு அப்பொழுது புதிராக இருந்தது. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களை ஆராய்ந்தனர். அப்புரதத்தின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று, மிகச் சிறியதான கிளைசின் என்பது அவர்களுக்குத் துணைசெய்தது. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது கொலாஜன் என்றும், கயிற்றின் நடுவிலுள்ள குறுகிய இடத்தில் கிளைசின் மட்டுமே அடங்கும் என்றும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் விளக்கினர்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. 1955இல் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று கூறி, ஹைட்ரஜன் பிணைப்புகளைக் குறைத்து மாற்று வடிவம் ஒன்றை முன்வைத்தனர். மும்முறுக்கு என்ற அடிப்படை நிலைத்தது, நுணுக்கமே வழக்காயிற்று.

சென்னை இதற்குச் சினத்தால் விடையளிக்கவில்லை, அளவையால் விடையளித்தது. இரண்டு அணுக்கள் எவ்வளவு தொலைவுவரை நெருங்கலாம்? இவ்வினாவையே ஆய்வுப் பொருளாக்கினர். மாணவராக வந்த வி. சசிசேகரன், அறியப்பட்ட படிக அமைப்புகளிலிருந்து தொலைவுகளைத் திரட்டினார். பின்னர்ச் சி. இராமகிருஷ்ணனும் சேர்ந்தார். கணிப்பொறி அரிதாயிருந்த அந்நாளில் மேசைக் கணக்குப் பொறிகளின் துணையுடன், புரத இழை இரு கோணங்களில் எவ்வெவ்வாறு திரும்ப இயலும் என்று கணக்கிட்டனர். 1963இல் மூவரும் வெளியிட்ட படமே 'இராமச்சந்திரன் வரைபடம்'. புதிய புரத அமைப்பு எதுவாயினும், அது சரியா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் அதனையே துணைக்கொள்கின்றனர்.

இன்று முனைவர் பட்டத்திற்கு விதிக்கப்படும் படிகளை இவ்வரலாற்றின் ஒளியில் நோக்குதல் நன்று. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, காலம் மூன்றாண்டுக்குக் குறையாமலும் ஆறாண்டுக்கு மிகாமலும் அமையும். பாடப்பயிற்சி, ஆய்வு முன்மொழிவு, பருவந்தோறும் குழுவின்முன் முன்னேற்ற அறிக்கை, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என அது விரியும். மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் முன்மொழிவைக் காத்துரைத்தலும் வாய்மொழித் தேர்வும் உண்டு. இவை வெறும் சடங்குகள் அல்ல. முன்மொழிவு, வினா உண்மையானதா என்று கேட்கிறது. முன்னேற்ற அறிக்கை, தவறான வழியில் ஆண்டுகள் கழியாமல் காக்கிறது. வாய்மொழித் தேர்வோ, கிரிக் எழுப்பியது போன்ற தடையை மாணவன் முகத்துக்கு நேரே எழுப்புகிறது.

மறுப்பைக் கேட்டு மனம் ஒடிபவன் பட்டம் பெற்றாலும் ஆய்வாளன் ஆகான். மறுப்பிலிருந்தே அடுத்த வினாவைக் கண்டெடுப்பவன்தான் ஆய்வாளன். இப்பயிற்சி பல்கலைக்கழகத்தில் தொடங்குவதன்று, நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில், "இது எப்படி உங்களுக்குத் தெரியும், ஐயா?" என்று ஒரு சிறுவன் எழுந்து கேட்கும் நாளில் தொடங்குகிறது. அவ்வினாவை அதட்டி அமர்த்தாத ஆசிரியரே அவனுடைய முதல் நெறியாளர்.