விதைக்கும் உண்டு ஹார்டனிங்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நம் கல்லூரி நண்பர்களுக்கு 'ஹார்டனிங்' என்றால் இரும்பைக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்குவதுதான். விதைக்கும் அதே பெயரில் ஒரு வைத்தியம் உண்டு என்றால் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான்.

என் பாட்டி திருமழிசைப் பக்கம் காய்கறி போட்டவர். ஆடி பிறந்தால் பாகல், புடலை விதைகளை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் நிழலில் உலர்த்துவார். "ஊறினதை அப்படியே போட வேண்டியதுதானே பாட்டி?" என்றேன், மெக்கானிக்கல் படிக்கிற திமிரில். "காயணும்டா. தாகம்னா என்னன்னு விதைக்குத் தெரியணும்" என்றார். மூடநம்பிக்கை என்று ஒதுக்கினேன்.

சரித்திரத்தைப் புரட்டினால் பாட்டி தனியாள் இல்லை. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ், வெள்ளரி விதையைப் பாலிலோ நீரிலோ ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று எழுதினார். 20-ஆம் நூற்றாண்டில் சோவியத் விஞ்ஞானி ஹென்கல், நனைத்து உலர்த்திய விதையின் பயிர் வறட்சி தாங்குவதை ஆராய்ந்தார். 1973-ல் இங்கிலாந்தின் ஹெய்டெக்கர் குழு, பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலில் ஊறவைத்து, விதை குடிக்கும் நீரை அளவோடு நிறுத்திக் காட்டியது.

நம்ம ஊர்ப் பங்கும் உண்டு. 1868-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் பிற்பாடு கோவைக்குப் போய், 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது. மானாவாரிச் சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்தச் சொல்வது அவர்கள்தான். 'விதையைக் கடினப்படுத்துதல்' என்று பெயர்.

சூட்சுமம் இதுதான். விதை முதலில் வேகமாக நீர் குடிக்கும். பிறகு சற்று நிற்கும். அப்புறம்தான் வேர் விடும். அந்த நடுக்கட்டத்தில் உள்ளே வேலை ஆரம்பமாகிவிடும். அங்கேயே நிறுத்தி உலர்த்தினால், பாதி வேலை முடிந்த விதை மண்ணுக்குப் போகிறது. மேல்மண் காய்வதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். ஆனால் வேர் வந்தபின் உலர்த்தினால் பாழ். உலர்த்தியதை நெடுநாள் வைக்கவும் கூடாது.

2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது, மொட்டைமாடியில் வெண்டை போட்டுப் பார்த்தேன். நனைத்து உலர்த்தியது இரண்டு நாள் முந்தி முளைத்தது. அரைத் தண்ணீரிலும் நின்றது. தண்ணீரே இல்லாத வாரத்தில் இரண்டுமே வாடின. விதை கொஞ்சம் தாங்கும். ஏரியின் வேலையை அது செய்யாது.

பாட்டியிடம் தோற்றதை ஒப்புக்கொள்ள நினைத்தேன். அவர் அப்போது இல்லை. தம்பி தங்கைகளே, உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள்.