அச்சும் காசும்: ஆலம்பரையிலிருந்து கடவுச்சாவி வரை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 100 கி.மீ. சென்றால் கடப்பாக்கம் வரும். அங்கே கடற்பக்கமாகத் திரும்பினால், கழிமுகத்தின் கரையில் செங்கற் சுவர்கள் சரிந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டையைக் காணலாம். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் நல்லூர் இந்த இடைக்கழிநாட்டைச் சேர்ந்தது. அதன் பொருட்டு ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது என் வழக்கம். நத்தத்தனாரைத் தேடிச் செல்லும் நாங்கள் கோட்டையையும் பார்த்துவிட்டே திரும்புவோம்.

முகலாயர் ஆட்சிக் காலத்தில், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோட்டை இது. 1750இல் முசாபர் ஜங் இதனைப் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அளித்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். எஞ்சியதில் ஒரு பகுதியை 2004 ஆழிப்பேரலை சிதைத்தது. இங்கு ஒரு காலத்தில் நாணயச் சாலை இருந்தது என்று நான் சொன்னபோது, சென்ற முறை வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இங்கே அடித்த காசு மெய்யான காசுதான் என்று தொலைவில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் என் மின்னஞ்சல் கணக்கை இழந்திருந்தேன். நுழைவுப் பக்கத்தைப் போலவே தோற்றமளித்த ஒரு போலிப் பக்கத்தில் என் கடவுச்சொல்லை நானே தட்டச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். ஆழிப்பேரலைக்கு முன் எடுத்த இக்கோட்டையின் படங்களும், இருபது ஆண்டுக் களக்குறிப்புகளும், மறைந்த என் ஆசிரியருடன் நடத்திய கடிதப் போக்குவரத்தும் அதனோடு போயின. இன்று கடலுக்குள் போய்விட்ட சுவர்களை இனி எவரும் படமெடுக்க இயலாது. 'நான் நானே' என்று மெய்ப்பிக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். அதுவும் அயலான் கைக்குப் போய்விட்டது.

மாணவியின் கேள்விக்கு வருவோம். காசு ஊரெங்கும் போகும். அதை அடித்த அச்சு சாலையைவிட்டு வெளியேறாது. காசைச் சோதிப்பவனுக்கு அச்சு வேண்டுவதில்லை. அச்சின் தடத்தை அறிந்திருந்தால் போதும். அப்படிச் சோதிப்பவனுக்குத் தமிழில் பழம்பெயர் உண்டு: வண்ணக்கன். வடம வண்ணக்கன் தாமோதரனார் முதலிய சங்கப் புலவர் பெயர்களிலேயே அத்தொழில் இருக்கிறது. 1736இல் நவாபு தோஸ்த் அலி கானின் இசைவு பெற்றுப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ரூபாய் அடித்தனர். 1742இல் ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றனர். இரண்டும் ஆர்க்காட்டின் பெயரையே தாங்கின. ஆயினும் புதுச்சேரி ரூபாயில் பிறை இருந்தது. பிற்காலச் சென்னை ரூபாயில் தாமரை இருந்தது. பயின்ற கண் அந்தச் சிறு குறியால் பிறப்பிடத்தை அறிந்துகொண்டது.

நிற்க. அடையாளம் காட்டுவதற்கு மனிதன் கண்ட வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, இருவர் மட்டும் அறிந்த சொல். மற்றொன்று, ஒருவரிடம் மட்டுமே உள்ள பொருள். கம்பனின் அனுமன் இரண்டையும் சுமந்தே இலங்கைக்குப் போகிறான். கையில் கணையாழி, நெஞ்சில் இராமன் சொல்லி அனுப்பிய அந்தரங்க நிகழ்ச்சிகள். துறவி வேடத்தில் வந்தவனால் வஞ்சிக்கப்பட்டவளிடம் தூது போகிறவனுக்கு இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. இருவர் மட்டும் அறிந்திருந்த மறைச்செய்தியை, சொல்லியனுப்பிய கணத்திலிருந்து மூவர் அறிவர். மூன்றாமவன் அனுமன் ஆகையால் தீங்கில்லை. எல்லாத் தூதரும் அனுமனாக இருப்பதில்லை.

பொருளுக்கும் ஒரு குறை உண்டு; அதைச் சிலம்பு சொல்கிறது. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்துப் பரல். வெளித்தோற்றத்தால் வேறுபாடு தெரியாது. உடைத்தால்தான் உண்மை வெளிப்படும். உடைத்தபோது கோவலன் உயிரோடு இல்லை. மறைபொருளை வெளியே கொட்டாமல் அது தன்னிடம் இருப்பதை மெய்ப்பிக்க வழி இல்லாத உலகின் அவலம் என்றும் அந்தக் காதையை வாசிக்கலாம்.

கணினியுலகம் முதலில் தேர்ந்தது சொல்லின் வழியை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர் அமைத்த முறைமையில் கடவுச்சொல் இடம்பெற்றது. 1962இல் அங்கிருந்த ஆய்வாளர் ஆலன் ஷெர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கடவுச்சொல் பிறந்த இடத்திலேயே களவும் பிறந்தது. பின்னாளில் சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் முறைகள் வந்தன. ஆயினும் அடிப்படைக் குறை நீங்கவில்லை: நுழையும் ஒவ்வொரு முறையும் மறைச்சொல்லை எதிரே இருப்பவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். எதிரே இருப்பது போலி என்றால் அத்தோடு முடிந்தது.

மாற்றுவழி 1976இல் பிறந்தது. விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் பொதுத்திறவு மறையீட்டியலை உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அதற்குச் செயல்வடிவம் தந்தனர். கணக்கால் பிணைந்த இரண்டு திறவுகள். ஒன்று மறைவானது, மற்றது எவரும் அறியத்தக்கது. மறைதிறவால் இட்ட ஒப்பத்தைப் பொதுத்திறவால் எவரும் சோதிக்கலாம்; பொதுத்திறவைக் கொண்டு மறைதிறவை உருவாக்குவது நடைமுறையில் இயலாது. சிலம்பை உடைக்காமலே பரலைக் காட்டும் கலை இது.

இக்கலை நம் கைப்பேசிக்கு வர நாற்பதாண்டுகளுக்கு மேலாயின. வெப்ஆத்தன் என்னும் தரம் 2019 மார்ச்சில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் ஏற்பைப் பெற்றது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இதை விரிவாக ஆதரிப்பதாகக் கூட்டாக அறிவித்தன. 2023 மே முதல் கூகுள் கணக்குகளிலும், 2024 மே முதல் மைக்ரோசாஃப்டின் தனிநபர் கணக்குகளிலும் பயன்பாட்டுக்கு வந்தது. ஆங்கிலத்தில் பாஸ்கீ என்பதைக் கடவுச்சாவி என்கிறோம். கடவு என்றால் வழி, பொருத்தமான சொல்தான்.

செயற்பாடு எளியது. ஒரு தளத்தில் கடவுச்சாவி உருவாக்கும்போது, நம் கருவி அத்தளத்துக்கென்றே புதிய இணைத்திறவுகளைச் செய்கிறது. பொதுத்திறவு தளத்துக்குப் போகிறது. மறைதிறவு நம்மிடமே இருக்கிறது. பின்னர் நுழையும்போது தளம் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணை அனுப்பும். நாம் விரல்ரேகையோ முகமோ பின் எண்ணோ காட்டிக் கருவியைத் திறந்தால், கருவி அவ்வெண்ணின் மேல் ஒப்பமிட்டுத் திருப்பியனுப்பும். அச்சு சாலைக்குள் இருக்கிறது. காசு மட்டும் போகிறது. காசுக்கு இல்லாத ஒரு சிறப்பும் உண்டு: இந்தக் காசு ஒரே முறைதான் செல்லும். திருடி வைத்துப் பயனில்லை. சாவி தளத்தின் முகவரியோடு பிணைந்திருப்பதால், போலிப் பக்கத்தில் கருவி அதை எடுத்தே நீட்டாது. என் கண் ஏமாந்த இடத்தில் கருவி ஏமாறியிருக்காது.

விரல்ரேகை என்றதும் நமக்கு ஒரு பழைய வடு நினைவுக்கு வரும். 1858இல் வங்கத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தம் ஒன்றில் ஒப்பந்ததாரரின் கைத்தடத்தைப் பெற்றார். அங்கிருந்து வளர்ந்ததுதான் ரேகைப் பதிவேடு. நம் ஊர்களில் கைநாட்டு என்பது ஏச்சுச் சொல்லாகவே ஆயிற்று. அந்த இழிவு நீங்கவே அறிவொளி இயக்கம் கையெழுத்துக் கற்பித்தது. கடவுச்சாவியில் ரேகை எங்கும் அனுப்பப்படுவதில்லை என்பதை மாணவர்களுக்கு வலியுறுத்திச் சொன்னேன். அது கருவிக்குள் இருக்கும் பூட்டைத் திறப்பதோடு சரி.

அமைப்பதற்குப் புலமை வேண்டா. கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளில் கடவுச்சாவி என்ற பகுதியைத் திறந்து, புதிதாக உருவாக்கச் சொல்லி, விரலை வைத்தால் முடிந்தது. பேணுவதில்தான் கவனம் வேண்டும். ஒரே கருவியில் ஒரே சாவியோடு நின்றுவிடக் கூடாது. கைப்பேசியில் ஒன்றும், கணினியிலோ தனிப் பாதுகாப்புச் சாவியிலோ மற்றொன்றும் இருக்கட்டும். ஆப்பிள், கூகுள் முதலியவற்றின் சாவிக்கொத்துகள் ஒரே கணக்கில் உள்ள நம் கருவிகளிடையே சாவிகளை மறையீடு செய்து பகிர்ந்துகொள்ளும். அவ்வாறெனில் அந்தத் தாய்க்கணக்கே முதலில் காக்கப்பட வேண்டியது. கல்லூரிக் கணினியில் சாவி உருவாக்கலாகாது. அங்கே திரையில் தோன்றும் க்யூஆர் குறியைக் கைப்பேசியால் படித்து நுழையலாம். கைப்பேசி தொலைந்தால் வேறு கருவியிலிருந்து நுழைந்து அதன் சாவியை நீக்கிவிட வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பழைய கடவுச்சொல்லும், குறுஞ்செய்தி வழி மீட்பும் அப்படியே திறந்திருந்தால், முன்வாயிலுக்கு இரும்புக் கதவிட்டுப் புழைக்கடையைத் திறந்துவைத்ததற்கு ஒப்பாகும். அடுத்து, ஒரே கைப்பேசியை வீடே பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இக்கடற்கரையிலும் உண்டு. பூட்டைத் திறக்கத் தெரிந்த எவரும் அதிலுள்ள சாவிகளைப் பயன்படுத்த முடியும். தன் கணக்கு தன்னுடையதாக இருக்க விரும்பும் பெண்ணுக்கு, யார் யார் விரல் அதில் பதிந்திருக்கிறது என்பது முதற்கேள்வி. இதற்குக் கணக்கியல் விடை தராது.

மாணவியிடம் இவ்வளவும் அன்று சொல்லவில்லை. அச்சையும் காசையும் மட்டும் சொன்னேன். அவள் சற்று யோசித்து, "அப்படியானால் அச்சைப் பறிகொடுத்தால்தான் ஆபத்து, இல்லையா ஐயா?" என்றாள். ஆம் என்றேன். திரும்பும் வழியில், பேருந்திலேயே, என் புதிய கணக்குக்கு இரண்டாவது சாவியை உருவாக்கினேன். அன்று அவர்கள் எடுத்த கோட்டைப் படங்கள் இப்போது அதில் இருக்கின்றன. போன படங்கள் போனவைதான்.