கரையை இழந்த கண்டி

1815 பெப்ரவரி 18. தெல்தெனியவுக்கு அப்பால், மெதமகாநுவர மலைப்பகுதியில் ஒளிந்திருந்த கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், தன் அரசிகளோடு பிடிபட்டான். பிடித்தவர்கள் உள்ளூர் ஆட்கள். மார்ச் 2-ல், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி உடன்படிக்கை கையெழுத்தானது. மன்னன் வேலூர்க் கோட்டைக்கு நாடு கடத்தப்பட்டு, 1832-ல் அங்கேயே மாண்டான்.

எகலப்பொல போன்ற பிரதானிகளின் துரோகம்தான் காரணம் என்று கதையை முடித்துவிடுவது எளிது. ஆனால் கண்டியின் கழுத்தில் கயிறு விழுந்தது அதற்கு வெகுகாலம் முன்பே.

1638 மே 23. போர்த்துக்கேயரைத் துரத்த, மட்டக்களப்பில் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான் அன்றைய கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கன். போர்ச் செலவைக் கறுவாவாகவும் மிளகாகவும் அவன் தர வேண்டும். மட்டக்களப்பும் திருகோணமலையும் திரும்பக் கிடைத்தன. ஆனால் 1640-ல் பிடித்த காலியையும் நீர்கொழும்பையும் ஒல்லாந்தர் விடவில்லை. "முதலில் பாக்கியைத் தீர்" என்றார்கள். கறுவா விளையும் நிலம் அவர்கள் பிடியில் இருக்க, மன்னன் எதைக் கொண்டு கடனை அடைப்பான்? 1656-ல் கொழும்பு விழுந்தபோதும் அது அவன் கைக்கு வரவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

ராஜசிங்கன் சளைக்கவில்லை. 1672-ல் பிரெஞ்சுக் கப்பற்படை திருகோணமலைக்கு வந்ததும், ஒல்லாந்தருக்கு எதிராக அதை வரவேற்றான். பின்னாளில் ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலும் அதே முயற்சி: 1762-ல் சென்னையிலிருந்து ஆங்கிலேயத் தூதர் பைபஸ் கண்டிக்கு வந்தார். உருப்படியான உதவி எதுவும் வரவில்லை. 1765-ல் ஒல்லாந்தர் படை தலைநகருக்குள்ளேயே நுழைந்தது. மறுவருட ஒப்பந்தத்தில் தீவின் கரை முழுவதும் அவர்களுக்குப் போயிற்று. அதன்பின் கண்டிக்குச் சொந்தத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை.

1796-ல் கரை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1802 அமியான் உடன்படிக்கை அதை உறுதிசெய்தது. அவர்களோடு மோதவிட இன்னொரு வல்லரசு கரையில் இல்லை. 1803-ல் படையெடுத்து வந்த ஆங்கிலேயரைக் காய்ச்சலும் கண்டி வீரர்களும் அழித்தார்கள். மலைகள் படையைத் தடுக்கும். ஆனால் வணிகத்தையும் நட்பையும் கொண்டுவந்து சேர்க்காது.

வல்லரசுகளுக்கு நடுவே வாழும் சிறிய நாடு யாரோடும் கூட்டுச் சேரலாம். துறைமுகத்தையும் விளைச்சலையும் மட்டும் கடனுக்கு ஈடாக வைக்கக் கூடாது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த நாடு, 1638-ஐத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

1803-ல் கண்டியில் சிக்கிய ஆங்கிலேயப் படையின் கதி, அடுத்த வாரம்.

(தொடரும்)