சிங்கிளேர் விளம்பரத் தாள்கள்



பழைய கணினிகளைச் சேர்ப்போர் உலகெங்கும் பலர் உள்ளனர். நான் சேர்ப்பவை கணினிகள் அல்ல. அவற்றை விற்பதற்காக அச்சிடப்பட்ட தாள்கள். இதழ்களில் வந்த விளம்பரப் பக்கங்கள், கணினிப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட விலைப்பட்டியல்கள், இலவசமாக வழங்கப்பட்ட துண்டறிக்கைகள் ஆகியவையே என் சேமிப்பு. அதிலும் ஒரே ஒரு நிறுவனத்தோடு நிறுத்திக்கொண்டேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்து இயங்கிய சிங்கிளேர் நிறுவனம், 1980 முதல் 1986 வரை தன் வீட்டுக் கணினிகளுக்காக வெளியிட்ட தாள்கள் மட்டுமே என் பெட்டியில் இடம்பெறும்.

ஏன் சிங்கிளேர் மட்டும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அந்நிறுவனம் தொடக்கத்தில் தன் கணினிகளைப் பெரும்பாலும் அஞ்சல்வழியே விற்றது. வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஐயம் கேட்க எதிரே ஆளும் இல்லை. இதழில் வந்த பக்கமே கடை, அதுவே விற்பனையாளர், அதுவே பணம் கட்டும் இடம். கணினியை இன்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அது என்ன செய்தது என்பதை அங்கே அறியலாம். அது என்ன செய்யும் என்று நம்பிப் பெற்றோர் பணம் அனுப்பினர் என்பதை அறிய வேண்டுமாயின், இந்தத் தாள்களிடம்தான் வரவேண்டும்.

நிறுவனர் கிளைவ் சிங்கிளேர் விளம்பரத்திற்குப் புதியவர் அல்லர். இளமையில் மின்னணு இதழ்களில் எழுதியவர். 1961இல் தம் முதல் நிறுவனத்தைத் தொடங்கிச் சிறிய வானொலிகளையும் ஒலிபெருக்கிகளையும் இதழ் விளம்பரங்களின் வழியே விற்றவர். அந்தப் பயிற்சி 1980இல் வந்த இசட்எக்ஸ் 80 கணினியின் விளம்பரத்தில் நன்கு தெரிகிறது. உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்தால் 79.95 பவுண்டு, முழுமையாகப் பொருத்தியது 99.95 பவுண்டு. நூறு பவுண்டுக்குக் குறைந்த விலையில் ஒரு கணினி என்பதே அன்று பெருஞ்செய்தி. விளம்பரம் அதனோடு நிற்கவில்லை. சதுரங்கம் ஆடுவது முதல் மின்நிலையத்தை இயக்குவது வரை எதையும் இக்கணினியால் செய்யலாம் என்னும் பொருள்பட எழுதியது.

அந்தக் கணினியின் நினைவகம் 1 கிலோபைட். அதாவது 1024 எழுத்துகள். நம் மாணவர் எழுதும் கட்டுரையில் ஏறத்தாழ ஒரு பக்கம். (இன்றைய யூனிகோடு முறையில் தமிழை எழுதினால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் என்ற கணக்கில், 341 குறியீடுகளோடு அந்த இடம் தீர்ந்துவிடும்.) ஒவ்வொரு விசையை அழுத்தும்போதும் திரை ஒருமுறை துள்ளும், நிரல் ஓடும்போது திரை வெறுமையாகிவிடும். விளம்பரத்தின் ஒளிப்படத்தில் இது தெரிய வழியே இல்லை. மின்நிலையம் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருகிறது. அந்த வரியை எழுதியவரின் துணிச்சல்மீது ஒரு வியப்பும் வருகிறது.

1981 மார்ச்சில் வந்த இசட்எக்ஸ் 81 விளம்பரம் வேறு வகை. உதிரியாக 49.95 பவுண்டு, முழுமையாக 69.95 பவுண்டு. விலை குறைந்து திறன் கூடியது எவ்வாறு என்ற கேள்வியை விளம்பரமே எழுப்பி, அதற்குத் தானே விடை கூறுகிறது. முந்தைய கணினியில் 21 சில்லுகள் இருந்தன, புதியதில் நான்கே. ஃபெராண்டி நிறுவனம் செய்துகொடுத்த ஒரே சில்லு, பழைய 18 சில்லுகளின் வேலையை ஏற்றுக்கொண்டது. இதில் மிகை இல்லை. பொறியியல் உண்மையை எளிய மக்களுக்கு விளங்கும்படி சொன்ன பக்கம் இது. என் சேமிப்பில் வகுப்பறைக்கு எடுத்துச் செல்லத் தகுந்தது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இதழிலிருந்து கிழிக்கப்பட்ட பல தாள்களில் நாள் குறிப்பிடப்பட்டிருக்காது. நாள் தெரியாத தாள் வரலாற்றுக்குப் பாதிப் பயனே தரும். ஆயினும் தாளே துப்புக் கொடுக்கும். 16 கிலோபைட் கூடுதல் நினைவகத்தின் விலை 49.95 பவுண்டு என்று இருந்தால் அது 1981ஆம் ஆண்டுத் தாள், 29.95 என்று இருந்தால் 1982இல் வந்தது எனக் கொள்ளலாம். பணம் அனுப்பவேண்டிய முகவரி கேம்பிரிட்ஜ் என்றிருந்தால் முந்தையது. சரே மாவட்டத்துக் கேம்பர்லி என்றிருந்தால் பிந்தையது. டபிள்யூ.எச்.ஸ்மித் கடைகளிலும் கிடைக்கும் என்ற வரி இருந்தால், அஞ்சல் விற்பனையோடு கடை விற்பனையும் சேர்ந்த காலத்தது. இப்படி ஒரு மாலைப்பொழுதில் மூன்று நான்கு தாள்களை வரிசைப்படுத்துவதில் உள்ள நிறைவு, கல்வெட்டு ஆய்வாளருக்கு உள்ளதைவிடக் குறைவன்று என்று நான் சொன்னால் என் துணைவியார் நகைப்பார்.

பக்கத்தின் அடியில் கூப்பன் இருக்கும். பெயர், முகவரி, வேண்டிய பொருள், எண்ணிக்கை, கூட்டுத்தொகை. நிரப்பி, வெட்டி, காசோலையோடு அனுப்பினால் போதும். அஞ்சல்தலை ஒட்டவும் தேவையில்லை. 28 நாள் வரை காத்திருக்க வேண்டும். பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பிப் பணத்தைப் பெறலாம். சேமிப்பாளர்கள் கூப்பன் வெட்டப்படாத பக்கத்திற்கே அதிக விலை கொடுக்கின்றனர். என் கருத்து அதற்கு நேர்மாறானது. கத்தரிக்கோல் பட்ட தாளில் ஒரு குடும்பத்தின் முடிவு பதிந்திருக்கிறது. அந்த வெற்றிடத்தின் வழியே 69.95 பவுண்டு சென்றது. ஒரு கணினி வீட்டுக்கு வந்தது. முழுத்தாள் அச்சகத்தின் சான்று மட்டுமே. இசட்எக்ஸ் 81 பதினைந்து இலட்சத்திற்கும் மேல் விற்பனையானது என்பதைப் புள்ளிவிவரம் சொல்லும். அதில் ஒன்றை இந்த ஓட்டை காட்டும்.

ஆசிரியர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1981இல் பிரிட்டிஷ் அரசு, இடைநிலைப்பள்ளி ஒவ்வொன்றும் கணினி வாங்கப் பாதி விலையைத் தானே தருவதாக அறிவித்தது. அத்திட்டத்தில் ஏக்கார்ன் நிறுவனத்தின் பிபிசி மைக்ரோவும் ரிசர்ச் மெஷின்ஸ் நிறுவனத்தின் கணினியும் இடம்பெற்றன; சிங்கிளேர் இடம்பெறவில்லை. உடனே அவர் தம் சொந்தப் பொறுப்பில் பள்ளிகளுக்குப் பாதி விலைத் திட்டம் ஒன்றை அறிவித்தார். கணினியும் 16 கிலோபைட் நினைவகமும் சேர்த்து 60 பவுண்டு. 1982இல் தொடக்கப்பள்ளிகளுக்கான அரசுத் திட்டம் வந்தபோது சிங்கிளேரின் ஸ்பெக்ட்ரமும் பட்டியலில் சேர்ந்தது. பள்ளியில் இடம்பெற்றது என்ற பெயரே வீடுகளில் விற்பதற்கான சிறந்த விளம்பரம் என்பதை இரு நிறுவனங்களும் நன்கு அறிந்திருந்தன. பிள்ளையின் கல்வி என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோரின் கை பணப்பைக்குச் செல்லும் என்பதை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் கணக்கிட்டு வைத்திருந்தனர்.

ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் வந்தது. 16 கிலோபைட் 125 பவுண்டு, 48 கிலோபைட் 175 பவுண்டு. பிபிசி மைக்ரோவின் பி வகை அன்று 399 பவுண்டு. இந்த வேறுபாட்டை விளம்பரம் மறக்காமல் சொல்லிக்காட்டியது. அதே தாளில் மைக்ரோடிரைவ் என்ற சேமிப்புக் கருவியும் அறிமுகமாகிறது. ஏறத்தாழ 50 பவுண்டு விலையில், 100 கிலோபைட் கொள்ளளவுடன், அவ்வாண்டே வரும் என்பது வாக்குறுதி. கருவி வந்ததோ 1983 நடுவில். உறுதியாகக் கிடைத்த கொள்ளளவு 85 கிலோபைட். 1984 ஜனவரியில் அறிமுகமான கியூஎல் கணினியின் கதை இன்னும் மோசம். அதற்கும் 28 நாள் என்றே அச்சிட்டனர், மாதங்கள் கடந்தன. முதலில் அனுப்பப்பட்டவற்றில் மென்பொருளின் ஒரு பகுதி உள்ளே அடங்காமல், பின்புறம் நீட்டிக்கொண்டிருந்த தனிச் செருகியில் இருந்தது. தாளில் உள்ள ஒளிப்படத்தில் அந்த வால் இல்லை.

விளம்பரத்தால் கைகலப்பும் நேர்ந்தது. 1984 டிசம்பரில் ஏக்கார்ன் நிறுவனம், ஸ்பெக்ட்ரம் கணினிகள் பழுதாகித் திரும்புவதைக் குத்திக்காட்டி நாளிதழ் விளம்பரம் வெளியிட்டது. ஏக்கார்ன் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கர்ரி முன்பு சிங்கிளேரிடம் பணிபுரிந்தவர். கேம்பிரிட்ஜில் ஒரு மதுக்கடையில் அவரைக் கண்ட சிங்கிளேர், சுருட்டிய நாளிதழால் அவரை அடித்தார் என்று செய்திகள் வந்தன. அச்சுத்தாளுக்கு அத்துணை வலிமை இருந்த காலம் அது.

இத்தாள்கள் யாவும் பொய்யே என்று கொள்ளவும் கூடாது. கணினி மொழியைக் கற்பிக்கும் நூல் உடன் வரும் என்றனர், வந்தது. இசட்எக்ஸ் 81 உடன் வந்த நூலை எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். படிப்படியாகச் செல்லும் விளக்கம், இயல்களின் இறுதியில் பயிற்சிகள் என அதன் அமைப்பை இன்று பார்த்தாலும் பாடநூல் எழுதுவோர் கற்கவேண்டியது நிறைய உண்டு. அட்டையில் ஜான் ஹாரிஸ் வரைந்த ஓவியம். 1 கிலோபைட் நினைவகத்தை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்திருக்கலாம். இந்நூலை ஊன்றிப் படித்த பிள்ளைகள் ஏமாறவில்லை.

1986 ஏப்ரலில் சிங்கிளேர் தம் கணினித் தொழிலை ஐம்பது இலட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்டிராட் நிறுவனத்திடம் விற்றார். அதன்பின் அதே பெயரில் வந்த தாள்களை நான் சேர்ப்பதில்லை.

நம் நாட்டு வெப்பமும் ஈரமும் இத்தாள்களுக்குப் பகை. பளபளப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தைப்பூசிகள் துருவேறித் தாளை அரிக்கும். இராமபாணப் பூச்சி ஓரத்திலிருந்து தின்னத் தொடங்கும். அமிலமற்ற உறைகளில் ஒவ்வொன்றாக இட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைக்கிறேன். கிழிசலுக்கு ஒட்டுநாடா பயன்படுத்துவதே இல்லை. அதன் பசை சில ஆண்டுகளில் எழுத்தையே விழுங்கிவிடும்.

கூப்பன் வெட்டப்பட்ட பக்கங்கள் என்னிடம் ஏழு உள்ளன. நிரப்பி அனுப்பப்பட்ட கூப்பன் ஒன்றைக்கூட இதுவரை கண்டதில்லை. உங்கள் வீட்டிலோ பள்ளிப் பண்டக அறையிலோ எந்த நிறுவனத்தின் பழைய கணினிப் பெட்டி கிடந்தாலும், கணினியை எடுத்துவிட்டுப் பெட்டியை எறிவதற்கு முன், அடியில் மடித்துக் கிடக்கும் தாள்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேண்டாமெனில் எனக்கு எழுதுங்கள். அஞ்சல் செலவை நான் ஏற்கிறேன்.