சேவலின் முள்

கந்த சஷ்டிக்கு திருச்செந்தூர் கடற்கரையில் கூடுகிற கூட்டத்துக்குக் கதை தெரியும். மாமரமாக நின்ற சூரபத்மனை முருகனின் வேல் இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி மயிலாகி வாகனம் ஆகிறது. மறு பாதி சேவலாகிக் கொடியில் ஏறுகிறது. தூத்துக்குடிச் சீமையில் சேவலுக்கு அப்படியொரு மரியாதை!

அந்த மரியாதைக்கு அதன் சண்டைக் குணமும் ஒரு காரணம். ஆயுதம் எங்கே இருக்கிறது? காலுக்குப் பின்னால், முள்ளாக. உள்ளே எலும்பு, ரத்த ஓட்டம் உண்டு. வெளியே நம் நகம் மாதிரி ஓர் உறை. வயசு ஏற ஏற நீளும், வளையும், கூராகும்.

இந்த முள்ளுக்குத் தமிழன் கொடுத்த இடம் பெரிசு. சோழர் தலைநகர் உறையூருக்கு 'கோழி' என்றே ஒரு பெயர். யானையைச் சேவல் எதிர்த்து விரட்டிய மண் என்பது கதை. 'புறப்பொருள் வெண்பாமாலை' கோழிப் போரில் ஜெயிப்பதற்கு 'கோழி வென்றி' என்று தனித் துறையே வகுத்திருக்கிறது. வட தமிழகத்தின் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சேவல்களுக்கே நடுகல் இருக்கிறது. சுமார் 1,500 வருஷப் பழசு. இந்தளூர்ச் சேவலின் பெயர்கூட கல்லில் உண்டு: பொற்கொற்றி. மன்னனுக்கும் மாவீரனுக்கும் நட்ட கல்லை ஒரு சேவலுக்கும் நட்டிருக்கிறார்கள், பாருங்கள்!

ஆனால், மனுஷனுக்கு இயற்கை கொடுத்த முள் போதவில்லை. இங்கிலாந்தில் சேவலின் முள்ளை அறுத்துக் கட்டையாக்கி, அதன்மேல் எஃகிலும் வெள்ளியிலும் செய்த முள்ளை மாட்டினார்கள். பிரபுக்களும் கூலிக்காரர்களும் ஒரே களத்தில் பந்தயம் கட்டினார்கள். 1835-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நம்மூரில் காலில் கத்தி கட்டினோம். கத்தி கட்டினால், மணிக்கணக்கில் நடக்க வேண்டிய சண்டை சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பல நேரம் சேவலின் உயிரும் அதோடு முடிந்துவிடும்.

விலங்குகளை மோதவிடுவதை 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. 2017-ல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தம் ஜல்லிக்கட்டுக் காளைகளுக்குத்தான் விலக்குத் தந்தது. சேவலுக்கு இல்லை.

அப்படியென்றால், கொல்லையில் சேவல் வளர்க்கிறவர் முள்ளை என்ன செய்வது? சும்மா விட்டால் அதுவும் வம்புதான். மிதிக்கும்போது பெட்டையின் முதுகைக் கிழிக்கும். முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் காலைப் பதம் பார்க்கும். ரொம்ப வளைந்துவிட்டால் சேவலின் காலிலேயே குத்தும். அடியோடு வெட்டினால் ரத்தம் கொட்டும், வலிக்கும். முறுக்கிப் பிடுங்குவதும் கொடுமை. ராத்திரி கூண்டில் அசையாமல் இருக்கும்போது எடுத்துத் துணியில் சுற்றி, ஒருத்தர் பிடித்துக்கொள்ள, நுனியை மட்டும் கொஞ்சமாக வெட்டி அரத்தால் மழுக்கினால் போதும். வளர வளர மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

களத்துக்காரன் முள்ளைத் தொட்டது, அதைவிடக் கூரான ஒன்றை மாட்டுவதற்காக. வீட்டுக்காரர் தொடுவது, பெட்டையும் பிள்ளையும் காயப்படாமல் இருப்பதற்காக. காலும் ஒன்றுதான், முள்ளும் ஒன்றுதான். பொற்கொற்றியின் வீரத்தைக் கல்லில் பார்த்துப் பெருமைப்படலாம். நம் வீட்டுச் சேவலுக்கு அந்த வீரம் வேண்டாம். விடியலில் கூவினால் போதும்!